என் குடையைத் தின்ற பூட்டு

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்தை விட்டு இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விரித்தேன். பட்டனை அழுத்தியதும் துணி மேலே எழும்பி, அப்படியே என் தலையில் முக்காடு மாதிரி விழுந்தது. உள்ளே ஒரு கம்பி கிடையாது. காவலாளி, இரண்டு நர்ஸ், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்க, நான் கறுப்புத் துணிக்குள் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரைத் திட்டினேன். கம்பியை உருவிவிட்டு வெளியே தெரியாதபடி துணியைத் திரும்பத் தைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தையல் என்ன நேர்த்தி தெரியுமா! வயிற்றெரிச்சலிலும் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க எனக்கு இரண்டே வசனம்தான். "உடம்புல இரும்பு, நகை ஏதாவது இருந்தா கழட்டிடுங்க" என்பது ஒன்று. "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடலாம்" என்பது இன்னொன்று. தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். பெண்டாட்டியின் குடையில் கை வைக்கிறவர் பேச்சையெல்லாம் யார் கணக்கில் எடுப்பது?

அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பெயிண்ட் கம்பெனியில் அவருக்கு 'மூடி' என்று பட்டப்பெயர். நிரப்பிய டின் பெல்ட்டில் நகர்ந்து வரும். அவர் மூடியை வைத்து ரப்பர் சுத்தியலால் சுற்றி நாலு தட்டு தட்டுவார். அவ்வளவுதான் வேலை. என்னைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே ஆரம்பித்தது அது. அவர் மூடிய டின் கசிந்தது என்று ஒருத்தர் புகார் சொன்னதில்லை. வீட்டிலும் அதே கைதான். தண்ணீர் பாட்டிலை அவர் மூடினால் நான் பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் திறந்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். "காலம்பூரா மூடிக்கிட்டே இருக்கீங்களே, ஒரு நாளாவது எதையாவது திறந்திருக்கீங்களா?" என்று கேட்பேன். அதற்குப் பதில் சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார்.

அப்புறம் கம்பெனியில் மூடி போடும் மெஷின் வந்தது. ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து இவரை அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிகாரத்தை மாட்டிவிட்டு அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். மணி பார்ப்பதற்காக இல்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் வேலைக்குப் போகும்போது சுவர். சாயங்காலம் திரும்பி வரும்போதும் சுவர். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், "நல்லாருக்கேன். இந்தா, உங்கம்மா" என்று என் கையில் திணித்துவிடுவார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தை எனக்கு வேறு மாதிரி காட்டத் தெரியாது. அதனால் சத்தம் போட்டேன்.

முக்கியமாகப் பின் கதவுக்காகச் சத்தம் போட்டேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் இரும்பு கிரில் கேட். சமையலறைக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. துணி காயப்போடப் போகிறவர் அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடவே மாட்டார். அது காற்றில் டமார் டமார் என்று அடித்துக்கொண்டே இருக்கும். தெருக்கோடி வரை கேட்கும். "தாழ்ப்பாள் போடுங்க, தாழ்ப்பாள் போடுங்க" என்று கரடியாகக் கத்துவேன். "ம்" என்பார். மறுநாளும் டமார்.

ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது முன்னறையில் யாரோ சிரித்தார்கள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துக் கூடுதலாக ஒரு டம்ளர் டீ போட்டு எடுத்துப் போனேன். விருந்தாளி யாரும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் பழைய காரின் வைப்பரிலிருந்து தகட்டை உருவி, அரத்தால் ராவி வளைத்து, அதை வைத்து ஒரு பூட்டைத் திறக்கிற படம்.

"பாரேன், குப்பையில கிடந்த தகடு! சாவியே இல்லாம திறக்கிறான்!" என்றார்.

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் இரண்டு டம்ளர் டீயையும் நானே குடித்தேன்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். அந்த வித்தைக்கு இரண்டு கம்பி வேண்டுமாம். பூட்டின் சாவித் துவாரத்தில் ஒன்றை விட்டு லேசாக முறுக்கிப் பிடிக்க வேண்டும், அது முறுக்குகம்பி. இன்னொன்றை விட்டு உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், அது கிண்டுகம்பி. கடையில் வாங்கினால் கேவலம், சொந்தக் கையால் செய்வதுதான் மரியாதை என்று இந்தப் பூட்டுப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ஒரு சட்டமாம். முதலில் என் கொண்டை ஊசிகள் போயின. அவை வளைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டன. அப்புறம் ஒரு ரம்பத் தகட்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அழகாக வளைத்தார். ஆறியதும் அது ஈர நூல் மாதிரி துவண்டுவிட்டது. நெருப்பில் வாட்டினால் இரும்பின் விறைப்பு போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கும் தெரியாது. அதே தப்பை அடுத்த வாரமும் செய்தார்.

பிறகு, தெரு பெருக்கும் வண்டியின் பிரஷ்ஷிலிருந்து உதிரும் கம்பிதான் உலகத்திலேயே உசத்தி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தினம் காலையில் அந்த வண்டி எங்கள் தெருவில் ஊர்ந்து போகும். அதன் பின்னாலேயே இவர் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்.

"என்ன சார் தொலைச்சீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"நான் ஒண்ணும் தொலைக்கலீங்க. வண்டி தொலைக்கும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் வண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டமே குனிந்தபடி போனது. மோதிரம் என்றார் ஒருவர், காது கம்மல் என்றார் இன்னொருவர். வண்டி ஓட்டுகிறவர் பயந்துபோய் வேகத்தைக் கூட்டினார். கூட்டமும் வேகத்தைக் கூட்டியது. கடைசியில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இன்னொருவர் தையல்காரர். என் குடையைத் தைத்த கை யாருடையது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்த மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் முன்னறையில் கூடினார்கள். அதற்கு 'மன்றம்' என்று பெயர். மாஸ்டர்தான் சட்டம் பேசுகிறவர். சிக்னல் இல்லாத தெருவில்கூடக் கையைக் காட்டிவிட்டுத் திரும்புகிற மனிதர். அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது. சொந்தப் பூட்டே ஆனாலும் உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடக்கூடாது. இந்த இரண்டையும் கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று சொல்வார்கள். இவ்வளவு ஒழுக்கமான மன்றத்தில் யாரும் அதுவரை ஒரு பூட்டைக்கூடத் திறந்ததில்லை. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், மூன்று பேரும் கைதட்டுவார்கள். ஒரு தடவை அந்த 'டிக்' சுவர்க்கடிகாரத்திலிருந்து வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

ஆனால் வீட்டில் பேச்சுச் சத்தம் வந்துவிட்டது. மகள் போன் செய்தால் அரை மணி நேரம் பின்களைப் பற்றியே பேசுவார். "அப்பா, அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று அவள் கெஞ்சுவது எனக்குக் கேட்கும். கொண்டை ஊசி போனால் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குடை போனபோதுகூட இரண்டு நாள் மட்டும்தான் கத்தினேன்.

எக்ஸ்ரே விஷயத்தில்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு இருமல் விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். நான்தான் எடுத்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற வசனத்தைச் சொந்தப் புருஷனிடம் சொல்லவில்லை. வீட்டு மனுஷன்தானே என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளிச்சத் திரையில் என் வீட்டுக்காரரின் விலா எலும்பு. அதன்மேல் வரிசையாகக் கொக்கி கொக்கியாகக் கம்பிகள். பயிற்சி டாக்டர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள்கரண்டியை முழுங்கியிருக்கிறார் என்றது ஒரு பிள்ளை. இல்லை, பழைய ஆபரேஷனில் யாரோ உள்ளே மறந்து வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றது இன்னொன்று.

"இரும்பு இருக்கான்னு கேக்கவே இல்லையாம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

பனியனுக்குள்ளே தையல்காரர் ஒரு ரகசியப் பை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "அடடா, வளைவெல்லாம் என்ன தெளிவா தெரியுது! டாக்டர், இதுல எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார்.

கம்பியையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எடுத்த படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தி, இருந்ததிலேயே மலிவான ஒரு புதுப் பூட்டை வாங்கினேன். அதை அவர் கண்ணில் காட்டாமல் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் சும்மா மாட்டிப் பூட்டினேன். ஒரே ஒரு சாவிதான் அதோடு வந்தது. அதை என் அடையாள அட்டை உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இது என் பூட்டு. நானே அனுமதி தரேன். உபயோகத்துலயும் இல்ல. உங்க சட்டமெல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"மாசக் கடைசி ஞாயிறுக்குள்ள இதைத் திறங்க. திறந்துட்டா இந்தக் கம்பியைப் பத்தி என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது. திறக்கலைன்னா அரம், கம்பி, தகடு மொத்தத்தையும் பழைய இரும்புக்காரன் தராசுல கொட்டிருவேன். அப்புறம் இந்த வீட்ல பூட்டுன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றார். சொல்லும்போது அவர் கண் சுவர் பக்கம் போய்வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. இவர் தோற்றால் மறுபடியும் அந்த நாற்காலிதான், அந்தச் சுவர்தான். ஐயோ, என்ன பேசித் தொலைத்தேன்! ஆனால் வாயை விட்டாகிவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதற்கு என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எதிரிக்கு நானே சேவகம் செய்தேன். ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப்போட்டிருந்த வெளிச்சத் திரையைக் கேட்டு வாங்கிவந்து மேஜையில் வைத்தேன். "கரண்டு பில் ஏறாம பார்த்துக்கோங்க" என்று அதட்டிவிட்டுப் போனேன். பூதக்கண்ணாடி ஒன்றும் எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவர் சாயங்காலம் முழுக்க அதே வேலையாக இருந்தார். கொக்கி எல்லாம் உடைந்துபோனதால் ரம்பத் தகட்டில் ஒரு நேரான துண்டை எடுத்துக்கொண்டார். என் குடைப்பிடியை அறுத்து அதற்குக் கைப்பிடி போட்டார். தகட்டைத் துவாரத்தில் விட்டு ஆட்டி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். எந்த இடம் உரசிப் பளபளக்கிறதோ அந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவுவார். மறுபடி விடுவார், எடுப்பார், ராவுவார்.

"எதுக்கு இப்படித் தேய்க்கிறீங்க?"

"உள்ள இடிக்குது. இடிக்கிற இடத்தை எடுத்துட்டா கம்பி தாராளமா நடமாடும். அப்புறம் கிண்டுறது சுலபம்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சாப்பிடும்போது அவர் பின்களைப் பற்றிக் குடும்பக் கதை மாதிரி சொல்வார். முதல் பின் சொன்ன பேச்சைக் கேட்குமாம். மூன்றாவது பிடிவாதக்காரி. "யாரை மாதிரி?" என்று கேட்டேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நாங்கள் இருவரும் இப்படிப் பேசிச் சாப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அந்தத் தகட்டை மன்றத்துக்காரர்களுக்கு மட்டும் அவர் கடைசிவரை காட்டவில்லை.

கடைசி ஞாயிறும் வந்தது. காலையிலேயே மாஸ்டர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். தையல்காரருக்கு நகம் கடித்தே வாய் வலித்திருக்கும். என் வீட்டுக்காரர் ஜன்னலிடம் போய் நின்றார். என்னையறியாமல், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். மூன்று பேரும் பிடித்தார்கள்.

அவர் தகட்டை உள்ளே விட்டுத் திருப்பினார். பூட்டு திறந்துவிட்டது.

அவ்வளவுதான். இமை கொட்டுகிற நேரம். தையல்காரர், "அண்ணே!" என்று அலறிக்கொண்டு போய் அவரைத் தூக்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாஸ்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முறுக்குகம்பி எங்க?" என்றார்.

"அது தேவைப்படல மாஸ்டர். அதுவாவே திரும்பிருச்சு."

"அந்தக் கம்பியைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி வெளிச்சத் திரையில் வைத்தார். என் கழுத்திலிருந்த சாவியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பள்ளத்துக்குப் பள்ளம், மேட்டுக்கு மேடு ஒன்றுபோல இருந்தன. ஒன்றுக்குக் குடைப்பிடி, மற்றதற்கு வளையம். வித்தியாசம் அவ்வளவுதான்.

"சார், இது சாவி" என்றார் மாஸ்டர்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடிக்கிற இடத்தையெல்லாம் ராவி ராவி, மனிதர் தனக்கே தெரியாமல் ஒரு சாவியைச் செய்து முடித்திருக்கிறார்.

"அசல் சாவியை அவர் கண்ணாலயே பார்க்கலையே! பார்க்காம செஞ்சது எப்படிச் சாவியாகும்?" என்று தையல்காரர் சண்டைக்குப் போனார்.

"அளவெடுக்காம தைச்சாலும் சட்டை சட்டைதானே? சாவியால திறந்தா அது திறந்த கணக்குல வராது. சட்டம்னா சட்டம்."

விவகாரம் முற்றியது. தெருமுனையில் சாவி வெட்டிக் கொடுக்கிறவரை நடுவராகக் கூட்டிவந்தார்கள். அவர் குடைப்பிடிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவிதான். இதுல என்ன சந்தேகம்?" என்றவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்கு சார் ஒரு மாசம் கஷ்டப்பட்டீங்க? பூட்டை எங்கிட்ட கொண்டு வந்திருந்தா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்திருப்பேனே" என்றார்.

என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்த அரத்தை எடுத்துச் சாக்குப் பைக்குள் போட்டார். அப்புறம் தகடுகள். அப்புறம் தெருவில் பொறுக்கிய கம்பிகள். "தோத்துட்டேம்மா. இரும்புக்காரனைக் கூப்பிடு" என்றார்.

"யாரு தோத்தது? நான் திறக்கணும்னு சொன்னேன். எதால திறக்கணும்னு சொல்லவே இல்லையே!" என்று கத்தினேன்.

"சாவியால எவனும் திறப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் சமயம் பார்த்துத் தெரு பெருக்கும் வண்டி கர்ரென்று வந்துகொண்டிருந்தது. நான் பூட்டை எடுத்தேன். முன் கிரில் கேட்டை இழுத்துச் சாத்தி, அதில் மாட்டிப் பூட்டினேன். இரண்டு சாவியையும் கிரில் வழியாகத் தெருவில் வீசினேன். வண்டி அவற்றின் மேல் ஏறியது. கடகடவென்று உள்ளே உருண்டு போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம்! என்ன பண்றீங்க?" என்று மாஸ்டர் துள்ளி எழுந்தார். "பத்து மணிக்கு எனக்கு ஒரு மாணவி வெயிட் பண்ணும்!"

"எனக்கும் மத்தியானம் டூட்டி இருக்கு. இப்போ சாவி இல்ல. உங்க மன்றத்துல யாராவது திறங்க, எல்லாரும் வெளிய போவோம்."

"அம்மா, என் மெஷின் வெளிய இருக்கும்மா" என்றார் சாவிக்காரர் பரிதாபமாக.

"டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவேன்னீங்களே. டீ நான் போடுறேன். முடிங்க பார்ப்போம்."

இவ்வளவு வீறாப்பாகப் பேசினேனே தவிர, என் காதெல்லாம் வீட்டின் பின்பக்கம்தான் இருந்தது. பின் கதவு ஒன்று இருக்கிறதே! வந்தவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் முன்னறையைத் தாண்டியதில்லை; மன்றம் கூடுகிற நாளில் நானே அதைத் தாழ்ப்பாள் போட்டுவைப்பேன், இன்றைக்குத்தான் மறந்துவிட்டேன். ஆனால் எந்த நிமிஷமும் அது டமார் என்று அடிக்கும். அடித்தால் என் குட்டு உடைந்துவிடும். எல்லோரும் எழுந்து அந்த வழியாக நடையைக் கட்டிவிடுவார்கள். இவர் சுவரோடு கிடப்பார்.

அவர் தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனார். திரும்பி வந்து, "உங்கிட்ட ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்குமே?" என்றார்.

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஸ்கேலை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் சாக்குப் பையை அவிழ்த்து அரத்தை எடுத்தார். பிறகு மாஸ்டரிடம் போய் மரியாதையாக நின்றார்.

"மாஸ்டர், இது உபயோகத்துல இருக்கிற பூட்டு. சட்டப்படி நான் தொடக் கூடாது."

வெளியே ஏதோ கார் ஹாரன் அடித்தது. மாஸ்டர் போனில், "வண்டியை ஆஃப் பண்ணிட்டு உக்காரும்மா, எதையும் தொடாத!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "தொடுங்க சார்! தாராளமா தொடுங்க!" என்று இவர் பக்கம் கையை ஆட்டினார்.

"ஆனா நான் செய்யப்போறது சாவி. கம்பி இல்ல."

"எதுவா இருந்தா என்ன சார், திறங்க சார்!"

இவர் ராவ ஆரம்பித்தார். இந்தத் தடவை துவாரத்தில் விட்டுப் பார்த்த நேரம் குறைவு. பள்ளம் மேடெல்லாம் விரலுக்கே தெரிந்திருந்தது. வேலை செய்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாவது பின்னின் பிடிவாதம், இரும்பைக் காய்ச்சக் கூடாது என்கிற ஞானம், பெயிண்ட் டின் மூடியை எந்த இடத்தில் முதலில் தட்ட வேண்டும் என்பது எல்லாம் வந்தது. சாவிக்காரர் முதலில் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். "அந்த ஓரத்துல இன்னும் ஒரு இழுப்பு இழுங்க சார்" என்றார். நான் மூன்று தடவை டீ போட்டேன். ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு அந்த டமாருக்காகப் பயந்தபடி போட்டேன். கதவுப் பக்கம் போனால் யாராவது பின்னாலேயே எட்டிப் பார்ப்பார்களோ என்று தாழ்ப்பாள் போடக்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் எழுந்து கேட்டிடம் போனார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன்.

திருப்பினார். முதலில் அசையவில்லை. வெளியே எடுத்து, ஊதி, மறுபடி விட்டார். பூட்டு வாயைப் பிளந்தது.

"ம், விடலாம்" என்றேன். நாலு பேரும் பெருமூச்சு விட்டார்கள். மாஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார். சாவிக்காரர் போகிறபோக்கில், "சாயங்காலம் கடைப் பக்கம் வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் மட்டும் என் எதிரே நின்று, "அக்கா, அந்தக் குடை..." என்று இழுத்தார். "போய்யா" என்று விரட்டினேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. டீ டம்ளரைக் கழுவச் சமையலறைக்குப் போனேன். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அந்தக் கதவு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வெளியே நல்ல காற்று.

பார்த்தேன். கதவு இறுகச் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் முழுசாகப் போட்டிருந்தது. நான் போடாமல் அது விழுந்தது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. காலையில் தண்ணீர் குடிக்க இந்தப் பக்கம் வந்தவர் ஒருவர்தான்.

கையைத் தாழ்ப்பாள்மேல் வைத்தபடி அப்படியே நின்றேன். முன்னறையில் மகளின் போன் வந்திருந்தது. "அந்த மூணாவது பின் இருக்கு பாரு, அவதான் இன்னைக்கும் மக்கர் பண்ணா" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவள் குரல், "அப்பா, அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றது.

"உங்கம்மா டூட்டிக்குக் கிளம்பிட்டாம்மா. நீ கேளு" என்றார்.

முன்பக்கம் போனால் போனை என் கையில் கொடுத்துவிடுவார். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். சத்தம் வராமல் தாழ்ப்பாளை விலக்கிப் பின்பக்கமாகவே வெளியே வந்தேன். கதவு அடிக்காமல் இருக்க அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.